1513-க்கு 3: ஃபாக்லாந்து மக்கள் ஓட்டு போட்டும் பிரச்சினை ஏன் முடியல?

பனிக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மூணு நாளா ஃபாக்லாந்து தீவுகளைப் பத்தியே படிச்சிட்டு இருக்கேன் (தெற்கு அட்லாண்டிக் கடல்ல பிரிட்டன் ஆட்சியில இருக்கற தீவுங்க, அர்ஜென்டினா தன்னோடதுன்னு சொல்லுது), மண்டைக்குள்ள ஒரே கேள்வி சுத்திட்டே இருக்கு, இங்க போட்டா விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்வீங்கன்னு நம்பி போடறேன்.

2013 மார்ச் 10, 11 ரெண்டு நாள் அங்க பொது வாக்கெடுப்பு நடந்திருக்கு. இப்ப இருக்கற மாதிரியே பிரிட்டனோட கடல்கடந்த ஆட்சிப்பகுதியா இருக்கணுமான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னு 1513 பேர். இல்லைன்னு 3 பேர். மூணே மூணு! ஓட்டு உரிமை இருக்கறவங்கள்ல 92 சதவீதம் பேர் வந்து போட்டிருக்காங்க, அதுல 99.8 சதவீதம் ஒரே பதில். இதுக்கு மேல ஒரு ஊர் ஜனங்க எப்படித்தான் சொல்றது? ஆனா அர்ஜென்டினா இந்த ஓட்டே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, ஐ.நா.வோட தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியல்ல அந்தத் தீவு இன்னிக்கும் அப்படியே கிடக்கு. அப்ப அந்த ஓட்டுக்கு என்னதான் மதிப்பு?

இன்னொன்னும் மனசுல உறுத்துது, மறைக்காம சொல்லிடறேன். 99.8-னு ஒரு நம்பரைப் பாத்தாலே எனக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது. சர்வாதிகாரிங்க நடத்தற தேர்தல்லதான் இப்படி வரும். நெஜமாவே நேர்மையா நடந்த ஓட்டுதானா அது?

ஏடுபுரட்டி எழுதியது:

நல்ல கேள்வி பனிக்காற்று. ரெண்டாவது சந்தேகத்தை முதல்ல எடுத்துக்கறேன், அது சுலபம்.

ஓட்டு நேர்மையாத்தான் நடந்துச்சு. சிலி, உருகுவே, பராகுவே, மெக்சிகோ, கனடா, அமெரிக்கா, நியூசிலாந்துன்னு பல நாட்டுல இருந்து பார்வையாளர்கள் போயிருந்தாங்க, சுதந்திரமா நியாயமா நடந்ததுன்னுதான் அறிக்கை குடுத்தாங்க. லத்தீன் அமெரிக்க நாடுகளோட அரசாங்கங்க எல்லாம் மேடையில அர்ஜென்டினா பக்கம்தான் பேசும், அங்கேர்ந்தே ஆளுங்க வந்து பாத்திருக்காங்கங்கறதை யோசிச்சுப் பாருங்க. ஐ.நா. யாரையும் அனுப்பல, அது வேற கதை.

நம்பர் ஏன் அவ்ளோ ஒருபக்கமா இருக்குன்னா, அந்த ஊர் அளவைப் பாக்கணும். 2012 கணக்கெடுப்புல மொத்த ஜனமே மூவாயிரத்துக்கும் கீழதான். பெரும்பாலானவங்க தலைநகர் ஸ்டான்லியில, மிச்சப்பேர் 'கேம்ப்'ல. கேம்ப்னா ராணுவ முகாம் இல்ல, ஸ்டான்லிக்கு வெளிய இருக்கற ஆட்டுப்பண்ணை நாட்டுப்புறம் முழுசையும் அவங்க அப்படித்தான் சொல்வாங்க, வயல்வெளிங்கற அர்த்தத்துல இருக்கற கேம்போ-ங்கற ஸ்பானிஷ் வார்த்தையில இருந்து வந்தது. பிரிட்டனோட இருக்கணும்னு ஓட்டு போட்ட ஆளுங்க வாயிலயே ஸ்பானிஷ் வார்த்தை நிக்குது பாருங்க, அந்தக் காலத்துல தென் அமெரிக்காவுல இருந்து வந்த காவ்சோ மாட்டுக்காரங்க விட்டுட்டுப் போனது. அந்த கேம்ப்ல மைல் கணக்கா தள்ளித் தள்ளி இருக்கற வீடுகளுக்கு வாக்குப்பெட்டியை ஜீப்புலயும் குட்டி விமானத்துலயும் எடுத்துட்டுப் போனாங்க.

அதுல பல பேருக்கு 1982 போர் ஞாபகம் இருக்கு. ஏப்ரல் 2-ம் தேதி அர்ஜென்டினா ராணுவம் வந்து இறங்குச்சு, ஸ்டான்லிக்கு புவேர்ட்டோ அர்ஜென்டினோன்னு பேர் மாத்துனாங்க, ரோட்டுல வண்டியை வலது பக்கமா ஓட்டச் சொன்னாங்க. கூஸ் கிரீன்ங்கற ஊர்ல குழந்தைங்க கிழவங்க சேத்து நூறு பேருக்கு மேல ஒரே சமுதாயக் கூடத்துல ஏறக்குறைய ஒரு மாசம் அடைச்சு வச்சாங்க. அந்தக் கூடத்துல அப்ப பச்சைப்புள்ளையா இருந்தவங்கதான் 2013-ல முப்பது வயசு தாண்டி ஓட்டுச்சாவடிக்கு வந்தாங்க. அவங்ககிட்ட போய் கேட்டா 99.8 வராம என்ன வரும்?

இன்னொன்னும் சொல்லணும், நிறைய பேர் இதைத் தப்பாவே எழுதறாங்க. 'இல்லை'ன்னு போட்டா அர்ஜென்டினாவோட சேரணும்னு அர்த்தம் கிடையாது. வாக்குச்சீட்டுலயே கேள்விக்கு மேல தெளிவா எழுதியிருந்தாங்க, பெரும்பான்மை 'இல்லை'ன்னு வந்தா மாற்று வழிகள் என்னன்னு கலந்து பேசி இன்னொரு வாக்கெடுப்பு நடத்துவோம்னு. அதனால அந்த மூணு பேர் தனி நாடு கேட்டவங்களாக்கூட இருக்கலாம்.

தெற்குமுனை எழுதியது:

ஏடுபுரட்டி சொன்னதுல தப்பு இல்ல, ஆனா இது ஒரு பக்கம்தான், மறுபக்கத்தை யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க, அர்ஜென்டினாக்காரன் ஏன் இந்த ஓட்டை ஏத்துக்கலைன்னு அவன் இடத்துல நின்னு ஒரு தடவை பாருங்க.

அவன் சொல்றது இதுதான். ஸ்பெயின்கிட்ட இருந்து விடுதலை வாங்கும்போது ஸ்பெயின் வச்சிருந்த மால்வினாஸும் (ஃபாக்லாந்துக்கு அவங்க வச்ச பேர்) எங்களுக்குத்தான் வந்துச்சு, 1820-ல எங்க கொடி ஏறுச்சு, 1829-ல லூயிஸ் வெர்னேயை அங்க அதிகாரியா போட்டோம், குடியேத்தம் நடந்துச்சு, 1833 ஜனவரியில கிளியோன்னு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து எங்க காவல்படையை கொடியை இறக்கச் சொல்லி வெளிய அனுப்பிட்டு உக்காந்துக்கிச்சு. அதுக்கப்புறம் பிரிட்டன் தன் ஆளுங்களைக் கொண்டு வந்து குடிவச்சு, இப்ப அந்த ஆளுங்ககிட்டயே போய் யாரோட இருக்கணும்னு கேட்டா அவங்க வேற என்ன சொல்வாங்க? ஒருத்தர் வீட்டை புடுங்கி அதுல குடிவந்தவங்க எல்லாரும் சேந்து, நாங்க இங்கயே இருக்கலாமான்னு தங்களுக்குள்ள ஓட்டு எடுத்த மாதிரின்னுதான் அப்ப அதிபரா இருந்த கிறிஸ்டினாவும் சொன்னாங்க. பிரிட்டன் தரப்பு, படையைத்தான் வெளிய அனுப்பினோம், குடியிருந்தவங்களை இல்லன்னு சொல்லும். அந்தச் சண்டை தீராத சண்டை. ஆனா தூரத்தைப் பாருங்க, அர்ஜென்டினா கரையில இருந்து 480 கிலோமீட்டர் கிட்ட, லண்டன்ல இருந்து 12,000-க்கு மேல.

அர்ஜென்டினா பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைங்கள்ல இருந்து எல்லாரும் மால்வினாஸ் நம்மளதுன்னுதான் படிக்கறாங்க, ஊர் எல்லையில எல்லாம் அந்த போர்டு நிக்கும், ஏப்ரல் 2 அவங்களுக்கு விடுமுறை, 1994 அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. போர்ல செத்த 649 பேரும் அவங்க புள்ளைங்க, அதுல பல பேர் பதினெட்டு பத்தொன்பது வயசு, கட்டாய ராணுவ சேவையில இழுத்துட்டு வந்தவங்க, கொரியெந்தஸ், சாக்கோ மாதிரி வெயில் பிரதேசத்துல இருந்து வந்து அந்தக் குளிர்ல ஈரக்குழியில பசியோட கிடந்த பசங்க. அவங்களை அங்க அனுப்புன ராணுவ ஆட்சியை அந்த நாட்டு ஜனங்களே வெறுக்கறாங்க, அந்த ஆட்சியும் அடுத்த வருஷமே போயிடுச்சு, ஆனா மால்வினாஸ்ங்கற பேர் மட்டும் அவங்க மனசுல இருந்து போகல, போகவும் போகாது.

மூன்றாம்டெக் எழுதியது:

நான் சட்டம் படிச்சவன் இல்லீங்க. பயணிகள் கப்பல் சமையல்கட்டுல பதினோரு வருஷம் வேலை பாத்தவன். 2013 பிப்ரவரியில எங்க கப்பல் ஸ்டான்லிக்குப் போச்சு, வாக்கெடுப்புக்கு சரியா ஒரு மாசம் முன்னாடி. நான் பாத்ததை மட்டும் சொல்றேன்.

பெரிய கப்பல் கரையில அணைய முடியாது, வெளிய நங்கூரம் போட்டு படகுலதான் ஆளை இறக்குவாங்க. காத்துன்னா அப்படி ஒரு காத்து, படகுல இருந்து படகுத்துறையில கால் வைக்கறதுக்குள்ள தொப்பி போயிடுச்சு. மரமே கிடையாதுன்னு சொல்லலாம், தகரக்கூரை வீடுங்க, சிவப்பு பச்சை நீலம்னு கூரைக்கு பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாங்க, கரையோரமா நடந்தா சர்ச், அதுக்குப் பக்கத்துல திமிங்கல தாடை எலும்பை நட்டு வச்ச வளைவு. அந்த மாசம் ஜன்னலுக்கு ஜன்னல் கொடி, ஜீப்புல எல்லாம் கொடி. எங்களுக்கு மூணு மணி நேரம்தான் பர்மிஷன். பென்குயின் பாக்கலாம்னு கடற்கரைப் பக்கம் போனா கம்பிவேலி, மண்டையோடு போட்ட சிவப்பு போர்டு, கண்ணிவெடி ஜாக்கிரதைன்னு. உள்ள வெள்ளை மணல்ல பென்குயின் மட்டும் ஜாலியா நடந்துட்டு இருக்கு, அதோட எடைக்கு வெடிக்காதாம். போர் முடிஞ்சு முப்பது வருஷம் ஆகியும் சொந்த ஊர் கடற்கரையில அந்த ஊர்க்காரங்க கால் வைக்க முடியல. 2020 கடைசியிலதான் முழுசா எடுத்து முடிச்சாங்கன்னு பிற்பாடு நியூஸ்ல பாத்தேன்.

போஸ்ட்கார்டு வாங்க ஒரு கடைக்குப் போனேன், அங்க ஒரு அறுபது வயசு அம்மா. ஓட்டு பத்தி நானாத்தான் கேட்டேன். அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "இத்தனை வருஷமா எங்களைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, எங்ககிட்ட யாரும் பேசல. இந்த ஒரு தடவை எங்களைக் கேட்டுத்தான் ஆகணும்." சொல்லிட்டு அட்டையைக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க, அவ்ளோதான்.

கப்பலுக்குத் திரும்பி வந்தா எங்க கிச்சன்ல வேலை பாக்கற அர்ஜென்டினா தம்பி அன்னிக்கு முழுக்க கீழயே இறங்கல. அவன் மாமா 1982-ல அங்க வந்து திரும்பாதவர். மேல் டெக்குல கைப்பிடியைப் புடிச்சுட்டு கரையையே பாத்துட்டு நின்னான். நானும் பக்கத்துல போய் நின்னேன், ஒண்ணும் கேக்கல. தெற்குமுனை சொல்றதைப் படிக்கும்போது அவன் மூஞ்சிதான் வருது. அந்த அம்மா சொன்னதும் நியாயமாத்தான் இருந்துச்சு.

பனிக்காற்று எழுதியது:

மூன்றாம்டெக் அண்ணே, படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். நன்றி.

ஏடுபுரட்டிக்கும் நன்றி, நம்பர் மேல இருந்த சந்தேகம் போயிடுச்சு. ஆனா முதல் கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. ஓட்டு நேர்மையானதுன்னா, சுயநிர்ணய உரிமைன்னு ஒண்ணு ஐ.நா. சாசனத்துலயே இருக்குன்னா, அப்புறம் எந்த இடத்துல இது சிக்கிட்டு நிக்குது?

வெண்சங்கு எழுதியது:

ஒரே ஒரு வார்த்தையில சிக்கி நிக்குதும்மா. அந்த வார்த்தையைப் புரிஞ்சுக்கிட்டா 2013-ல அவங்க எதுக்காக ஓட்டு போட்டாங்கங்கறதும் புரியும்.

1965 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபை 2065-ன்னு ஒரு தீர்மானம் போட்டுச்சு. இறையாண்மை தகராறு ஒண்ணு இருக்கு, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் பேசி அமைதியா தீர்த்துக்கணும்னு சொல்லுச்சு. அப்படிப் பேசும்போது தீவு மக்களோட 'நலன்'களை மனசுல வச்சுக்கணும்னு எழுதுனாங்க. கவனிச்சுப் பாருங்க, 'விருப்பம்'னு எழுதல. நலன்னா என்ன? அதை அடுத்தவன் முடிவு பண்ணலாம். குழந்தையோட நலனை அப்பா அம்மா பாத்துக்கற மாதிரி. உன் ஆட்டுப்பண்ணை உனக்கு, உன் மொழி உனக்கு, உன் சர்ச்சு உனக்கு, கொடி மட்டும் எங்களுதுன்னு அர்ஜென்டினா சொன்னா நலன் காப்பாத்தின மாதிரிதான். அவங்க 1994 அரசியல் சட்டத்துலயும் அதே கணக்குதான், அங்க வாழறவங்களோட வாழ்க்கை முறையை மதிப்போம்னு இருக்கு, அவங்க சம்மதத்தைக் கேப்போம்னு இல்ல. விருப்பம்ங்கறது அப்படி இல்ல, அதை அந்த ஆள் வாயால சொன்னாத்தான் உண்டு. 1985-ல பிரிட்டன் பொதுச்சபையில சுயநிர்ணய உரிமைங்கற வரியை தீர்மானத்துல சேக்கப் பாத்துச்சு, தோத்துப் போச்சு.

அந்தத் தீர்மானத்துல பேச வேண்டியவங்கன்னு சொன்னது ரெண்டே பேர், லண்டனும் புவெனஸ் ஐரெஸும். தீவுக்காரங்க மேஜையில கிடையாது, மேஜை மேல இருக்கற பொருள். 2013 ஓட்டு, என்னைக் கேட்டா, அந்தப் பொருள் எழுந்து நாற்காலியில உக்காந்த கதை. கடைக்கார அம்மா சொன்னதும் அதைத்தான்.

இங்க யாரும் தொடாத இன்னொரு விஷயம் இருக்கு. அந்த ஓட்டு அர்ஜென்டினாவுக்கு மட்டும் சொன்ன பதில்னு எல்லாரும் நினைக்கறோம். எனக்கு அது லண்டனுக்கும் போட்ட பூட்டுன்னுதான் தோணுது. ஏன்னா 1982-க்கு முன்னாடி அந்தத் தீவைக் கைகழுவிடலாம்னு பாத்ததே பிரிட்டிஷ் அரசாங்கம்தான். 1971-ல ஒரு போக்குவரத்து ஒப்பந்தம் போட்டு, விமானம், பெட்ரோல், ஆஸ்பத்திரி, மேற்படிப்பு எல்லாத்துக்கும் தீவுக்காரங்க அர்ஜென்டினாவை எதிர்பார்க்கற மாதிரி ஆக்கினாங்க. 1980 நவம்பர்ல நிக்கோலஸ் ரிட்லின்னு ஒரு இணை அமைச்சர் ஸ்டான்லிக்கே வந்து, இறையாண்மையை அர்ஜென்டினாவுக்குக் குடுத்துட்டு நீண்ட கால குத்தகைக்கு நாம திருப்பி எடுத்துக்கலாம், என்ன சொல்றீங்கன்னு கேட்டார். ஜனங்க கத்தி அனுப்பிட்டாங்க, அடுத்த மாசம் நாடாளுமன்றமும் அவரை உண்டு இல்லைன்னு ஆக்கிடுச்சு. 1981-ல வந்த குடியுரிமைச் சட்டத்துல தீவுக்காரங்கள்ல பல பேருக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமையே கிடைக்காம போற நிலைமை, போர் முடிஞ்சப்புறம் 1983-ல தனிச்சட்டம் போட்டுத்தான் குடுத்தாங்க. அதே 1981-ல அந்தக் கடல்ல இருந்த ஒரே பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலையும் திரும்ப எடுத்துக்கப் போறோம்னு அறிவிச்சாங்க.

இதெல்லாம் பாத்து வளந்த ஜனம் லண்டனைக் கண்ணை மூடிட்டு நம்புமா? அடுத்து வர்ற அரசாங்கம் மனசு மாறினாலும் 1513 பேரோட எழுத்து எதிர்ல நிக்கணும்னுதான் பண்ணாங்க. கவனிச்சீங்களா, வாக்கெடுப்பு நடத்தப்போறோம்னு 2012 ஜூன்ல அறிவிச்சது பிரிட்டன் இல்ல, தீவோட சட்டமன்றம். ஜனங்க தேர்ந்தெடுக்கறது மொத்தமே எட்டு உறுப்பினர், ஸ்டான்லிக்கு அஞ்சு கேம்ப்புக்கு மூணு. பிரிட்டன் பின்னால நின்னுச்சு, அவ்ளோதான்.

தெற்குமுனை எழுதியது:

வெண்சங்கு அக்கா, நலன் விருப்பம் வித்தியாசம் எனக்கு இவ்ளோ தெளிவா தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா பிரிட்டன் வாயில இருந்து சுயநிர்ணயம்ங்கற வார்த்தை வந்தா எனக்குக் கோவம்தான் வருது. சாகோஸ் தீவுல என்ன பண்ணாங்க? 1965-ல மொரிஷியஸ்ல இருந்து அந்தத் தீவுகளைப் பிரிச்சு எடுத்து, டியேகோ கார்சியாவுல அமெரிக்க ராணுவ தளம் வரணும்னு 1973-க்குள்ள அங்க இருந்த ஜனங்க அத்தனை பேரையும் கப்பல்ல ஏத்தி மொரிஷியஸ்லயும் செஷல்ஸ்லயும் கொண்டு போய் தள்ளுனாங்க. அவங்ககிட்ட ஓட்டு கேட்டாங்களா? 2019-ல சர்வதேச நீதிமன்றம் அது சட்டப்படி தப்புன்னு கருத்து சொல்ற வரைக்கும் அசையல. இங்க சுயநிர்ணயம் புனிதம், அங்க அந்த ஜனங்க இருக்கற மாதிரியே காட்டிக்கல. ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒரே காலம்.

வெண்சங்கு எழுதியது:

நீங்க சொல்றதுல ஒரு வார்த்தை கூட நான் மறுக்க மாட்டேன் தெற்குமுனை. சாகோஸ் மக்களுக்கு நடந்தது அநியாயம். 2025 மே-ல மொரிஷியஸோட ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அந்த மக்களை உக்கார வச்சு யாரும் ஓட்டு எடுக்கல, அதையும் சேத்துக்கோங்க.

ஆனா அந்தக் குத்தம் லண்டனோடது. ஸ்டான்லி கடைக்கார அம்மா அதுக்கு என்ன பண்ணுவாங்க? அந்தக் கதையைக் கேட்டா ஃபாக்லாந்துக்காரங்களுக்கு இன்னும் பயம்தான் கூடும், யாரும் கருத்து கேக்காத ஜனத்துக்கு என்ன ஆகும்னு கண்ணு முன்னாடி ஒரு உதாரணம் இருக்கே. 1833-ல யார் யாரை விரட்டினாங்கங்கறது வரலாற்றுக்காரங்க பேச வேண்டிய விஷயம், பேசட்டும். ஆனா எட்டு ஒன்பது தலைமுறையா ஒரே மண்ணுல புதைச்சிட்டு வர்ற குடும்பத்தை 'குடியேறிகள்'னு சொல்லி கணக்குல இருந்து தள்ள ஆரம்பிச்சா, அந்தக் கண்டத்துல அந்த அளவுகோலுக்கு யார்தான் தேறுவாங்க? அர்ஜென்டினா ஜனத்தொகையிலயே பெரும்பகுதி ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வந்து இறங்கினவங்களோட வாரிசுங்கதானே. இதைக் குத்திக்காட்டறதுக்காக சொல்லல, அந்த வாதம் ரெண்டு பக்கமும் வெட்டும்ங்கறேன்.

பனிக்காற்று முதல்ல கேட்டதுக்கு என் பதில்: ஓட்டு தகராறைத் தீர்க்கல, தீர்க்கவும் முடியாது, இறையாண்மை யாருக்குங்கறதுல ரெண்டு நாடு எதிரெதிரா நிக்கும்போது மூணாவது ஆள் ஓட்டு ரெண்டு பேரையும் கட்டாது. ஆனா இப்ப ஒவ்வொரு ஜூன்லயும் ஐ.நா. காலனி ஒழிப்புக் குழு கூடும்போது தீவோட சட்டமன்ற உறுப்பினர்கள் போய்ப் பேசறாங்க, கையில அந்த நம்பர் இருக்கு. முன்னாடி வெறும் பேச்சு.

ஏடுபுரட்டி எழுதியது:

அந்த மூணு பேரைப் பத்தி ஒண்ணு மட்டும். முடிவு வந்த ராத்திரியே உலகப் பத்திரிகை எல்லாம் யார் அந்த மூணு பேர்னு கேக்க ஆரம்பிச்சுடுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடற அளவு சின்ன ஊர். அந்த ஊர்ல ரகசிய ஓட்டு ரகசியமா இருக்கறதுதான் இந்த வாக்கெடுப்புலயே எனக்குப் பெருசாத் தெரியுது. 1513-ஐ நாம மதிக்கறோம்னா அந்த மூணையும் தேடாம விடணும்.

மூன்றாம்டெக் அண்ணே, உங்க கூட வேலை பாத்த தம்பியோட மாமா பேர் கல்லறையில இருக்கா? டார்வின் பக்கத்துல இருக்கற அர்ஜென்டினா கல்லறையில நூத்துக்கும் மேல கல்லுல பேரே இல்லாம 'கடவுளுக்கு மட்டுமே தெரிஞ்ச அர்ஜென்டினா வீரன்'னு எழுதியிருந்துச்சு, 2017-ல செஞ்சிலுவைச் சங்கம் தோண்டி டிஎன்ஏ எடுத்து நிறைய பேரைக் கண்டுபிடிச்சாங்க, ரெண்டு அரசாங்கமும் சேந்து ஒத்துக்கிட்டுத்தான் அது நடந்துச்சு.

மூன்றாம்டெக் எழுதியது:

இருக்கு தம்பி. 2018 மார்ச்ல குடும்பங்களை விமானத்துல அங்க கூட்டிட்டுப் போனாங்க, அவன் பாட்டியும் போனாங்க. புதுசா பேர் வெட்டின கல்லு மேல கையை வச்சுட்டு உக்காந்திருக்கற போட்டோ எனக்கு அனுப்பினான். கல்லைச் சுத்தி ஜெபமாலை, பின்னால அதே காத்துல சாஞ்ச புல்லு. கல்லறையை யார் இவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்கன்னு பாட்டி கேட்டாங்களாம். இந்த ஊர்க்காரங்கதான்னு சொன்னாங்களாம்.